ஆறாம் கட்டில்

செப்டம்பர், காலை எட்டு மணி.
பூந்தா அரேனாஸ் இன்னும் முழுதாக விடியவில்லை.
நெல்டா மான்சீயா மேலங்கியைக் கழற்றும்போதே
தொடங்கிவிடுகிறேன். என் பேருந்து எட்டு இருபதுக்கு.

ஒன்று, ஓயார்சோ. பொட்டாசியம் இறங்கியிருக்கிறது.
பாட்டில் பத்து மணிக்குத் தீரும்.
இரண்டு, விர்சாலோவிச். வலது காது கேட்காது.
டாக்டர்கள் வலப்பக்கமே நின்று கேள்வி கேட்டுவிட்டு
"குழப்பத்தில் இருக்கிறார்" என்று எழுதிப் போகிறார்கள்.
நீ இடப்பக்கம் நில். அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.
மூன்று, இரவு ஒரு மணிக்கு வந்த பையன். நண்டுப் படகு.
காய்ச்சல் முப்பத்தொன்பதரை, இப்போது முப்பத்தெட்டு.
செல்போன் கடலுக்குள். மனப்பாடமாய்த் தெரிந்தது ஒரே எண்,
அதுவும் படகு முதலாளியுடையது.

நெல்டாவின் பேனா எழுத மறுக்கிறது.
என்னுடையதைக் கொடுக்கிறேன்.
இனி அது அவளுடையது, வழக்கம்போல்.

நான்கு, இன்சுலின் ஆறு யூனிட்.
மாத்தே குடிக்காமல் ஊசி போட விடமாட்டார்.
இரண்டு மிடறு கொடுத்துவிட்டுக் கேள்.
ஐந்து தூங்குகிறார். மூன்று இரவுக்குப் பிறகு முதல் தூக்கம்.
ரத்தம் எடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்.

ஆறு,
என்று சொல்லிவிட்டேன்.
சொல்லிப் பழகிய நாக்கு.
தாளிலும் பெயர் இருக்கிறது: பார்ரியா, எழுபத்தெட்டு.
நாலு நாற்பதுக்கு நான் அடித்த கோடு
பெயர்மேல் விழாமல் கீழே விழுந்திருக்கிறது,
அடிக்கோடிட்டதுபோல.

வலி இருந்ததா?
இல்லை.
யாராவது வந்தார்களா?
மகன் போர்வெனிரில். காற்று அடங்கினால்தான் படகு விடுவார்கள்.
ஏதாவது சொன்னாரா?

எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியாமல்
எழுதாமல் விட்டிருந்தேன்.
வெளியே மேல்காற்றா, என்று கேட்டார்.
அறுபது குளிர்காலம் ஆடு மேய்த்த மனிதர்.
அந்த ஜன்னல் திறக்காது.
ஆமாம் என்றேன்.
அப்படியானால் சரி, என்றார்.

ஏழு, என்கிறாள் நெல்டா.
ஏழு வீட்டுக்குப் போகிறார். ஒரு செருப்பைக் காணோம்.

தெருமுனையில் நகராட்சி கட்டிய கயிறு,
காற்றடிக்கும் நாளில் பிடித்துக்கொண்டு நடக்க.
எனக்கு முன்னால் ஒருவர் பிடித்த இடம் இன்னும் ஈரமாயிருக்கிறது.
நீரிணை வலக்கைப் பக்கம், காற்று நேர் முதுகில்.
அப்படியென்றால் தென்காற்று.
இங்கே அதைத் தென்றல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
மேல்காற்று இல்லை, பார்ரியா.
மன்னியுங்கள்.

உறைந்த கையைச் சட்டைப்பைக்குள் விட்டபோது
தட்டுப்பட்டது சாவி. மார்ஃபின் அலமாரி.
ஏழு கட்டிலையும் ஒப்படைத்தவள்
இதைக் கொண்டுவந்துவிட்டேன்.
எட்டு இருபது, விளக்கெரிய, என்னைக் கடந்து போகிறது.

திரும்பி நடக்கிறேன். இப்போது காற்று முகத்தில்.

ஆறாம் கட்டிலில் புது விரிப்பு,
அதற்குள் யாரோ.
சாவியை வாங்கிக்கொண்டு நெல்டா, பழக்கத்தில்,
"ஆறு, மூச்சுத்திணறல், ஆக்சிஜன் இரண்டு லிட்டர்" என்று ஆரம்பிக்கிறாள்.
எனக்குச் சொல்லாதே, என்கிறேன்.
நாளை மறுநாள்வரை நான் இங்கே இல்லை.

கதவுவரை போய்விட்டேன்.
பேர் என்ன?