உலர்துறையின் சாவி

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் பாதை.
வடக்கே போகும், தெற்கே திரும்பும், அவ்வளவுதான்.
கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஏழு நிமிடம்.
அதில் நான்கு நிமிடம்
ஓர் ஊரை ஆள்கிறேன்.

ஊரின் பெயர் உலர்துறை.
கடல் பின்வாங்கிப் போய்விட்ட துறைமுகம்.
பதினொரு பேர் சேர்ந்து எழுதுகிறோம்,
ஆளுக்கொரு பாத்திரம், ஐந்து நாளுக்கொரு முறை.
யாருக்கும் காசில்லை. யார் பெயரும் அச்சில் வந்ததில்லை.
ஜெனிட்டா, மருத்துவமனையில் இரவுப் பணி;
அவள் அத்தியாயங்களில் எல்லோருக்கும் காய்ச்சல்.
இந்துலிஸ் எழுதுவது குறைவு,
காற்புள்ளி திருத்துவது அதிகம்.
வில்னிஸ் அயர்லாந்தில், காளான் கொட்டகையில்.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டுக்
கட்டைவிரலால் எழுதுகிறேன் என்றான் ஒருமுறை.
மணிக்கூண்டுக்காரர் அவனுடையவர்:
கப்பலே வராத துறையில்
விடியலுக்கும் அந்திக்கும் மணியடிக்கிற கிழவர்.

என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.
தொடங்கி வைத்த குந்தேகா
ஒரு மார்ச் மாதம்
"சாவி இனி உன்னிடம்" என்று ஒற்றை வரி எழுதினாள்,
மகள் பிறந்தாள், பிறகு அவளைக் காணோம்.
சாவி என்றால் என்ன?
யார் முறை என்று நினைவூட்டுவது.
கோபித்துக்கொண்டவரைத் தனியே விசாரிப்பது.
ஒரே குதிரையை மூன்று பேர் விற்றுவிட்டால்
பழியைக் குதிரை மேல் போடுவது.
நான் எழுத நினைத்த அத்தியாயம்
இரண்டு வருடமாக முதல் வரியில் நிற்கிறது.

ஜனவரியில் வில்னிஸ் பேச்சற்றுப் போனான்.
மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.
மூன்றும் படிக்கப்படாமல் கிடந்தன.

நாற்பத்து மூன்றாம் நாள்
தோம்ஸ், வயது பதினாறு,
எங்களில் அழகாக எழுதுபவன் அவன்தான்,
மணிக்கூண்டுக்காரரைக் கயிற்றடியில் சாகடித்தான்.
நல்ல மரணம். அதுதான் சங்கடம்.
பனி ஜன்னல் வழியே வந்து
அவர் மீசையில் உட்கார்ந்து
கரையாமல் இருந்ததாம்.
இரண்டு தடவை படித்தேன், வண்டி தாமதமானது.
பிறகு அழித்தேன்.

"கதைக்கு ஒரு சாவு வேண்டும்" என்றான்.
வேண்டும்தான்.
"சொல்லாமல் போனவர் இடத்தை
எத்தனை நாள் காலியாக வைப்பது?"
அதற்கு விதி இல்லை. குந்தேகா எழுதி வைக்கவில்லை.
அந்த உடல் உன்னுடையது இல்லை, தம்பி என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
அந்தக் கொட்டகை எந்த ஊரில் என்று
எங்கள் யாருக்கும் தெரியாது.
வில்னிஸின் குடும்பப்பெயர் தெரியாது.
இடது கால் நொண்டும் ஒரு கிழவரை மட்டும்
நரம்பு நரம்பாகத் தெரியும்.

அந்த வாரம் இரண்டு பேர் போய்விட்டார்கள்.
ஒருவர் கதவை அறைந்து,
ஒருவர் செருப்புச் சத்தம்கூட இல்லாமல்.
நான் செய்தது சரியா என்று
கேட்பதற்கு எனக்கு மேலே ஆளில்லை.

பிறகு ஜெனிட்டா எழுதினாள்:
கூண்டின் படியில் ஒரு கிண்ணம் சூப், மூடி போட்டு.
வேறு ஒன்றும் இல்லை.
இந்துலிஸ், எட்டு மாதத்தில் முதல் பத்தி:
மேலே விளக்கு எரிவதாகத் தோன்றியது,
உறுதியாகச் சொல்ல, முடியாது.
காற்புள்ளி ஒன்று கூடுதல்.
நான் தொடவில்லை.

தோம்ஸ் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டான்:
அவர் வரும்வரை கயிற்றை என் பையன் பிடிக்கலாமா?
வந்ததும் இறங்கிவிடுவான்.
பிடி என்றேன்.

பையனுக்கு மணியடிக்கத் தெரியவில்லை.
விடியல் மணி நடுப்பகலில் அடிக்கிறது.
ஊர் மொத்தமும் திட்டுகிறது,
ஊர் மொத்தமும் அந்த நேரத்துக்கே உலை வைக்கிறது.

நேற்று டிராமில் பதிவுக்குரல் பழுது.
நானே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வந்தேன்.
பாலம் தாண்டியதும் வாய் தவறியது:
"அடுத்த நிறுத்தம், உலர்துறை."
யாரும் நிமிரவில்லை.
ஓர் ஆள் மட்டும், காதில் பாட்டோடு,
பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு
கதவருகே வந்து நின்றார்.