உயிர்ச் சான்று

நவம்பர் பிறந்தால் வந்துவிடுவார்,
எம்.சி. ரோட்டின் ஜவுளிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு,
இடது காலை அரை அங்குலம் பின்னால் விட்டபடி.
"சார்ஜென்ட் ஞானாதிக்கம்.
இன்னும் சாகல. எழுதிக்கோ."

மேற்படி நபர் என் முன்னிலையில்
உயிருடன் தோன்றினார் என்று
முத்திரை குத்தும் அதிகாரம்
எங்கள் வங்கிக் கிளையில் எனக்கு.

"நாப்பத்திநாலுல உன்ன மாதிரி ஒரு கிளார்க்கு
எங்கம்மாவுக்குத் தந்தி அடிச்சான் தம்பி.
காணவில்லை, இறந்திருக்கலாம்.
அந்த 'லாம்' அவளுக்கு வெளங்கல.
ராயப்பர் கோயில்ல பூச வச்சி
காசிமேட்டுக் கல்லறையில
பேர் எழுதி சிலுவ நட்டுட்டா."

இரண்டு பேர் விமானம்.
முன்னால் தத்தா ஓட்டுவான்.
பின்னால் இவர், முதுகுக்கு முதுகு, துப்பாக்கியோடு.
போகிற இடத்தைப் பார்த்ததே இல்லை;
விட்டு வந்ததையே பார்த்தபடி பறந்தவர்.

அரக்கானில் விழுந்தார்கள்.
முகாமின் வேலி ஒரு வருஷம் மூன்று சுற்று,
மறு வருஷம் இரண்டு.
பதினெட்டு நாள் நடை இருபத்தாறாகும்.
காய்ச்சலில் கிடந்த தத்தா
போ என்றானா, போகாதே என்றானா,
அதுவும் மாறும்.
மாறாதது அரைக் கரண்டி உப்பு.
தன் பங்கைக் காகிதத்தில் மடித்து
இவர் பையில் தத்தா திணித்தது.

எண்பத்தேழில், கல்லறைத் திருநாளன்று,
கேஷியர் ரீட்டாவின் அப்பாவுக்குப் பூப்போட
நானும் போயிருந்தேன்.
தூறல். மெழுகுவர்த்திப் புகை. காசிமேட்டு மீன் வாடை.
ஒரு சிலுவைக்கு முன்னால்
குடையை மெழுகுவர்த்திக்குப் பிடித்துத் தான் நனைந்தபடி
குந்தியிருந்தார் சார்ஜென்ட்.
சிலுவையில் அவர் பெயர்.
பிறந்த தேதி சரி.
கீழே, பூ வைக்கும் இடத்தில்,
சின்னதாய் ஒரு காகிதப் பொட்டலம்.

"இத இன்னுமா எடுக்கல?" என்றேன்.

நிமிரவில்லை.
"எடுத்துட்டா
அவன் எங்க போவான்?"

அடுத்த திங்கள் கவுண்ட்டரில்
வழக்கம்போல், "இன்னும் சாகல."
முத்திரையை மையில் ஒற்றிவிட்டுக்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
தோன்றினவர் பெயர் எழுத
ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, சந்தேகமா?" என்றார்.
குத்தினேன்.
என் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு,
எப்போதும் போல,
திருப்பித் தராமலே போனார்.