நாற்பத்து மூன்றாவது பொருள்

பெருமாள்புரத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில்
எண்பது மீட்டர் உயரம் ஒன்று வைத்திருக்கிறோம்.
கண்ணாடியை மாட்டினால் போதும், ஏறிவிடலாம்.
காற்றாலையின் தலைக்குள்ளே
மினிபஸ் அளவு பெட்டி.
அதற்குள் நாற்பத்திரண்டு பொருள்கள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி
மிதக்கவிடுவது என் வேலை.

கேட்டால் சின்ன வேலை.
எழுத்து சிறுத்தால் தெரியாது,
பெருத்தால் பின்னால் இருப்பது தெரியாது.
பொருளோடு ஒட்டிவைத்தால்
அது திரும்பும்போது பெயரும் முதுகைக் காட்டும்.
பார்ப்பவர் பக்கமே திரும்பச் செய்தால்
நாற்பத்திரண்டும் ஒரே நேரம் முகத்தைத் திருப்பும்,
முகூர்த்தம் முடிந்தபின் மண்டபத்துக்குள் நுழைந்தவள்போல
கூசிப் போவேன்.
தூரத்துப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி
எண்ணெய் வடிகட்டிக்கும் தீயணைப்பானுக்கும் இடையே
புதிதாய் ஒரு சொல் பிறக்கும்.
அப்படி ஒரு சாமான் எந்தக் கிட்டங்கியிலும் கிடையாது.

ஜெபக்கனி வந்தாள்.
பணகுடிக்குத் தெற்கே ஆறு வருடமாய் நிஜத்தில் ஏறுகிறவள்.
ஆனிக் காற்று சுழற்றியடித்த நாள்,
ஏறத் தடை,
அதனால்தான் எங்களுக்குக் கிடைத்தாள்.

“டார்க் ரெஞ்சை எடுங்க” என்றான் நாகூர்கனி.
எழுத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.
பிடித்தது பெயரை.
பொருள் ஒரு சாண் கீழே சும்மா கிடந்தது.
இன்னொரு முறை. பெயரையேதான்.
“எழுத்து கையில சிக்கமாட்டேங்கு, சார்.”

“தீயணைப்பான்?”
முன்னால் மிதந்த எல்லாவற்றையும்
வாய்விட்டு வாசித்தாள். திரும்பவே இல்லை.
அது அவள் முதுகுக்கு நேர் பின்னால்,
சிவப்பு எழுத்தில், என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
“பின்னால இருக்குன்னு எனக்கு யாரு சொல்லணும்?” என்றாள்,
கண்ணாடியைக் கழற்றாமலே
சுவரைப் பார்த்து.
நான் வேறு பக்கம் நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில்
பாபநாசம் என்று முழ உயரத்துக்கு எழுதிய பலகைக்குக் கீழே நின்று
ஒருவர் என்னிடம் கேட்டார்:
“இது பாவநாசம் போவுமா?”
சட்டைப்பையில் பேனா, கக்கத்தில் நாளிதழ்.
வாசிக்கத் தெரியாதவர் இல்லை.
எழுத்தை நம்பாதவரும் இல்லை.
அது தன்னிடம்தான் சொல்கிறதா
பொதுவாய்ச் சொல்லிவைத்திருக்கிறதா என்று
ஒரு சின்ன சந்தேகம், அவ்வளவுதான்.
“போவும், ஏறுங்க” என்றேன்.
உடனே ஏறினார்.

மறுநாள் எல்லாப் பெயர்களையும் அணைத்தேன்.
கை நெருங்கினால் மட்டும் ஒன்று விழிக்கும்,
விழித்ததும் ஒரு மெல்லிய கோடு
பொருளைத் தொட்டு நிற்கும்.
முதுகுக்குப் பின்னால் இருப்பதற்கு
பார்வையின் ஓரத்தில் ஒரு புள்ளி,
தோளைத் தட்டுவது மாதிரி.
பெயரைப் பிடித்தால் பொருள் வந்து
கைக்குள் உட்காரும்படியும் செய்தேன்.
அது தோல்விதான். ஆனாலும் வேலை செய்தது.

பிறகுதான் ஜெபக்கனியின் பதிவை ஓட்டிப் பார்த்தேன்.
யாரும் எதையும் கேட்பதற்கு முன்பு,
பெட்டிக்குள் தலை நுழைந்ததுமே,
அவள் இடக்கை இடுப்பிலிருந்து கிளம்பி
ஒரு வளையத்துக்குப் போயிருக்கிறது.
கயிற்றுக் கொக்கியை மாட்டும் வளையம்.
அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.
நான் அதற்குப் பெயர் எழுதவே மறந்திருந்தேன்.

“அதை அப்படியே விட்டுருவோம்” என்றேன்.
“புதுசா வாறவனுக்கு?” என்றான் நாகூர்கனி.
மதியம் வரை பேசவில்லை இருவரும்.
கரண்ட் போனது. காற்று மட்டும் இருந்தது.

பதிவேட்டில் அந்த வரி:
பொருள்: கொக்கி வளையம்.
கேட்கப்பட்டதா: இல்லை.
நேரம்: ஒரு நொடிக்கும் குறைவு.
லேபிள்: மறந்துபோனது.
கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
‘தேவை’ என்று எழுதியிருக்கிறான்.

எழுதிக்கொண்டிருக்கிறேன்,
சிறிய எழுத்தில்,
மூன்று முறை கை வந்து சேர்ந்தபின்
தானாய் மங்கிப்போகிற மாதிரி.