அஷ்டமித் தண்ணீர்

காரங்காட்டுக் கழிமுகம்.
புரட்டாசி முடியப் பத்து நாள்.
மேலே மழை இல்லை,
ஆறு என்று பெயர் மட்டும்தான் வந்து சேர்கிறது.
கடலும் இன்றைக்கு அரை மனசாகவே ஏறும்.
கண்டல் வேரில் சிப்பி ஒட்டிய உயரத்துக்கும்
தண்ணீருக்கும் நடுவே
ஒரு முழம் வெறும் காற்று.

வலைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.
"கொலுசு நனையாத தண்ணியில என்ன மீனு"
என்றான் இஞ்ஞாசி, என் சைக்கிளைப் பார்த்து.
கொலுசு நனைந்தது.
அதற்கு மேல் நாலு விரல்.

தெளிவென்றால் அப்படி ஒரு தெளிவு.
எங்கள் கம்பெனி ஐஸ் பாளத்தின் ஓரத்தைப் போல,
நடுவில் இருக்குமே அந்த வெள்ளைப் புகை,
அதுகூட இல்லாமல்.
நண்டு நடந்த தடம் நேற்றையது எது, இன்றையது எது
என்று சொல்லிவிடலாம்.
நான் பார்க்கிற எல்லாமும்
என்னைப் பார்க்கிறது என்பதுதான் சிக்கல்.

வெயிலை முதுகில் வாங்கினால் மீன் தெரியும்,
என் நிழல் எனக்கு முன்னே போய்
மடவைக் கூட்டத்திடம் சேதி சொல்லும்.
முகத்தில் வாங்கினால் நிழல் பின்னால்.
கண் கூசி
தண்ணீர் முழுக்கத் தகரம்.
கச்சான் ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் பிறக்கவில்லை.
ஒரு சுருக்கம் விழுந்தால் போதும்,
ஒளிந்துகொள்வேன்.
விழவில்லை.

முள்ளில் கட்டியிருப்பது
சேவல் கழுத்து இறகு இரண்டு,
மிக்சர் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளி ஒரு கீற்று.
எடையே இல்லாத ஒன்றை எறிய முடியாது.
நூலைத்தான் எறியவேண்டும்,
கோயில் மெழுகுதிரிக் கட்டை தேய்த்த பருத்தி நூலை.
முன்னால் ஒரு வீச்சு, பின்னால் ஒரு வீச்சு,
இறகு கடைசியாகத் தெரிந்துகொள்ளும்
தான் கிளம்பிவிட்டதை.
நுனியில் இருபதாம் நம்பர் தங்கூசி.
தொண்டிக் கடைக்காரர் நாற்பதை எடுத்து நீட்டினார்.
மெலிசு வேண்டும் என்றேன்.
"பூ கட்டவா?" என்றார்.

முதல் வீச்சு,
தண்ணீரில் ஒரு கோடு.
கோட்டுக்கு இரண்டு பக்கமும் யாரும் இல்லை.

அப்புறம் நின்றேன்.
ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒன்று முடிகிற நேரம்,
ஜெபிக்காமல்.
பத்தடி தள்ளி ஒரு கொக்கும் நின்றது,
அதுவும் இரண்டு தரம் குத்தி இரண்டு தரம் ஏமாந்தது.
எங்களுக்குள் பேச்சு இல்லை.
கிழங்கான் குஞ்சுகள் திரும்பி வந்து
என் கெண்டைக்காலைத் தூண் என்று நம்பின.
வேருக்கு அடியில்
ஒரு கொடுவாயின் கண், அணைக்காத பீடிபோல.

எப்போது மாறியது என்று தெரியாது.
அசையாமல் கிடந்த ஒரு பழுத்த இலை
ஊர்ப்பக்கமாக நகர்ந்தது.
பிறகு ஒரு நுரை.
பிறகு அடிச்சேறு மெல்லப் புகைந்து
தண்ணீருக்கு அந்த வெள்ளை வந்தது.
இனி யாருக்கும் யாரையும் தெரியாது.
இந்த நிமிஷத்துக்காகத்தான் வந்தேன்.

ஐஸ் கம்பெனிச் சங்கு.
ஆறே கால்.
விடிந்தால் சனிக்கிழமை, படகெல்லாம் கடலுக்குப் போகும்,
ராத்திரி முழுக்கப் பாளம் உடைப்பார்கள்,
ஒவ்வொன்றுக்கும் நான் சீட்டு எழுதவேண்டும்.

ஒரே ஒரு வீச்சு.
இறகு விழுந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.
நூல் நேரானது.
கை நேரானது.
இரண்டு மூச்சு, இரண்டரை,
அந்தப் பக்கம் இருந்தது மீன்தானா
இழுத்துப் பார்த்த கழிமுகமேதானா,
பட்.

இருபது அறுந்துபோகும்.
நாற்பது தெரிந்துபோகும்.
தெரிந்துதான் வாங்கினேன்.
கொக்கு என்னைப் பார்த்தது, பார்க்காததுபோல்.
வேர்களுக்குள் எங்கோ
உதட்டில் மிக்சர் பொட்டலம் மினுக்க ஒருவன் திரிகிறான்.

"காலெல்லாம் சேறு,
எங்க போய்ட்டு வர்ற?" என்றாள் அமலோற்பவம்.
கெண்டைக்காலில் உப்பு காய்ந்து ஒரு கோடு,
நாலு விரல் இருந்தது ஆறு விரலாகியிருந்தது.
செங்கோல் படகு, பாளம் முப்பது.
பிச்சை படகு, பாளம் இருபத்தைந்து.
எழுதிய கை அங்கேயே நின்றது.

இருபத்தைந்து.
தொண்டியில் இருக்குமா?