பாதி சோக்

முதல் மெக்கானிக் காயில் என்றார்.
ஓட்டேரியில் இரண்டாமவர், வால்வு.
மூன்றாமவர் எதுவும் சொல்லவில்லை,
பாயிண்ட் பிளேட்டை நகத்தளவு நகர்த்தி
"இப்ப முறுக்கிப் பாருக்கா" என்றார்.
முறுக்கினேன். பறந்தது,
ஜன்னி கண்டவன் எழுந்து ஓடுகிற வேகத்தில்.

பன்னிரண்டு நாள்.
ராயபுரம் பாலம் ஏறும்போதெல்லாம்
உள்ளே யாரோ கோலிகுண்டு உருட்டினார்கள்.
நாற்பதில் நிலையாகப் பிடித்தால்
புல்லட் தானே தயங்கும், தானே துள்ளும்,
சொல்ல வந்ததை மறந்து
மறுபடி ஞாபகம் வந்தவள் மாதிரி.
சோக்கைத் தூக்கினால் மட்டும் சமாதானம்.
வெயிலில் கொதிக்கிற எஞ்சினுக்கு
எதற்கு சோக்?
மூன்று பேரிடமும் அதைத்தான் கேட்டேன்.
மூன்று பேரும் வண்டியைப் பார்த்துப் பதில் சொன்னார்கள்.

ராத்திரி ஒன்றரை. எண்ணூர் நெடுஞ்சாலை.
துறைமுகத்துக்குக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் முதுகில் ஒன்று முகம் வைத்துத் தூங்கின.
யாரோ சக்கரத்தடியில் ஸ்டவ் மூட்டிச் சோறு வடித்தார்.
டெல்பின் டார்ச் பிடித்தாள்.
பழைய பிளக்கைக் கழற்றினேன்.

பகலில் எனக்கு ஸ்டான்லியில் வேலை,
பிறர் ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்ப்பது.
வெளுப்பு எனக்குத் தெரியும்.
கீழிமையை இழுத்தால் தெரிகிற அதே வெளுப்பு
பீங்கானில் இருந்தது,
பிஸ்கட் நிறம் படிந்திருக்கவேண்டிய இடத்தில்
சுண்ணாம்பு.
அதன்மேல் துளித்துளியாக மினுங்கல்.
"என்னடி, ஜிகினாவா?"
பிஸ்டன், என்றேன்.
உதிர ஆரம்பித்திருக்கிற பிஸ்டன்.

கொக்கியில் நீலக்கோடு
வளைவைத் தாண்டி அடிவரை இறங்கியிருந்தது.
பொறி முந்திக்கொள்கிறது, சரி.
வெளுப்பும் அதனாலேயா,
பெட்ரோல் பற்றாமலா?
இரண்டு நோய்க்கும் ஒரே முகம்.
ஒன்றை ஓய்த்துவிட்டுத்தான்
மற்றதை விசாரிக்கமுடியும்.

பிளக் ஓட்டையில் சைக்கிள் ஸ்போக்.
பாயிண்டுக்கு நடுவில்
சோறு வடித்தவர் தந்த சிகரெட் பெட்டியின் கண்ணாடித்தாள்.
டாப் கியரில் பின்சக்கரத்தை
டெல்பின் மயிரிழை மயிரிழையாக உருட்ட,
தாள் என் விரலோடு வழுக்கி வந்த நொடி,
அங்கே, அசையாதே.
பிளேட்டை அதன் பழைய இடத்தில் இறுக்கினேன்.

புது பிளக். முழுத் திருகல்.
இது பிறந்த ஆலை
இடப்பக்கம் எங்கோ இருட்டில் கடந்துபோனது.
மூன்று கிலோமீட்டர். பிறகு
கிளட்சும் சாவியும் ஒரே மூச்சில்.

சத்தம் அறுந்தது.
இரண்டு பெண்களும் ஓர் இரும்பும்
சும்மா உருண்டுகொண்டிருந்தோம்.
வலப்பக்கம் கடல்
இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

துப்பட்டா நுனி கருகியது. பரவாயில்லை.
நீலக்கோடு வளைவுக்குத் திரும்பிவிட்டது.
பீங்கான் மட்டும் இன்னும் வெளுப்பு,
வேர்வரை.

அப்போ பசிதான்.

பங்க்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்,
இருபது சதவீதம் எத்தனால்.
தினம் பார்த்துக்கொண்டேதான் டேங்க் நிரப்பினேன்.
தொண்ணூறாம் நம்பர் ஜெட்டின் துளை
வேறொரு பெட்ரோலுக்குப் போட்ட கணக்கு.
அதே கிண்ணத்தில் அதே அளவு ஊற்றினோம்,
கஞ்சி நீர்த்துப்போனது தெரியாமல்.
மூன்றாமவர் பசித்ததற்குச் சாட்டை கொடுத்தார்.
கொஞ்ச தூரம் ஓடத்தானே செய்யும்.

"அந்தாளைச் சும்மா விடுவியா?"
"தொண்ணூற்றைந்து ஜெட் அவர்கிட்டதான் கிடைக்கும்."

கடை பத்து மணிக்கு.
பாதி சோக்கில், நாற்பதைத் தாண்டாமல் திரும்பினோம்.
பாலத்தில் கோலிகுண்டு உருளவில்லை.
டெல்பின் என் முதுகில் தூங்கிவிட்டாள்,
அவள் சட்டைப் பையில் பழைய பிளக்.
வாசலில் எழுப்ப மனமில்லாமல்
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
கொஞ்சம் புகைந்தது.
புகையட்டும்.