இடைவேளைக்குப் பிறகு தூங்கியவன்

படம் விட்டபோது பதினொன்றே முக்கால்.
காலி வீதியில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
கொத்துக் கடை மட்டும்
தகரத்தில் தாளம் போட்டபடி விழித்திருந்தது.
நாலு பேர், மூன்று கதிரை.
யாராவது ஒருவர் நின்றுகொண்டுதான் விமர்சிக்க வேண்டும்.
இன்றைக்குக் குணாளினி.

"இரண்டாம் பாதிய வெட்டிக் கடலில போடலாம்"
என்றாள், பிளேன்ரீயை ஊதிக்கொண்டு.
நிஸ்தார் விடவில்லை.
"முதல் பாதியத்தான் போடோணும்.
ரெண்டாம் பாதில சண்டையாவது ஈக்கி."
இரண்டையும் கடலில் போட்டால் மிஞ்சுவது
இடைவேளையில் நாங்கள் தின்ற
காரக் கடலை.
அது நன்றாக இருந்தது.
அதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

கதாநாயகி எங்கள் ஊர்க்காரியாம்.
"என்ன கதைக்கிறியள்" என்று கேட்டவள்
அடுத்த மூச்சில் "இன்னா சொல்ற" என்றாள்.
பல் வைத்தியரிடம் வேலை பார்ப்பவள் குணாளினி,
நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்ப்பவள்.
"கதை எங்கட கதை.
வாய் ஆற்றயோ வாய்.
கட்டின பல்லு மாதிரி ஆடுது" என்றாள்.

நிஸ்தார் கொத்துக்குள் கோழியைத் தேடிக்கொண்டிருந்தான்.
தலை நிமிராமல் சொன்னான்:
"ஒங்களுக்குப் பிழையாவாவது ஒரு வாய் ஈக்கி.
நாங்க பேசுற மாதிரிப் பேசுற ஒராள்
எந்தப் படத்துல வந்தீக்கி?"

எங்களிடம் பதில் இல்லை.
தகரத்தில் அடி இன்னும் கொஞ்சம் வேகமானது.
அது தற்செயலாகவும் இருக்கலாம்.

லலந்த என் வங்கியில் அடுத்த கவுண்டர்.
தமிழ் பாதி தெரியும்,
மீதியைத் திரையின் அடியில் ஓடும்
ஆங்கில எழுத்தில் பிடித்துக்கொள்வான்.
எழுத்து வாயை முந்தி வந்துவிடும்.
ஆகவே பகிடி வருமுன்னே சிரிப்பான்.
தகப்பன் தந்தியைப் பிரிக்குமுன்னே
அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்கும்.
அவனுக்குப் பக்கத்தில் இருந்தால்
கெட்ட செய்தி எதுவும் திடீரென்று வராது.
கொழும்பு என்று காட்டிய தெருவில்
சிங்களப் பெயர்ப்பலகை தலைகீழாய்த் தொங்கியபோதும்
அவன்தான் முதலில் சிரித்தான்.
பின்னால் மண்டபமே சிரித்தது.
திரையில் அப்போது ஒரு குடும்பம்
வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நான்
இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிட்டேன்.
கண் விழித்தால் செத்தவீடு.
யாருடையது என்று தெரியாது.
ஆனாலும் மேசையில் தட்டிச் சொன்னேன்:
"முடிவு சரியில்லை."
நிஸ்தார் தலையாட்டினான்.
குணாளினிதான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"ஆர் செத்தது, சொல்லு பாப்பம்?"
"எல்லாருந்தான்."
கொஞ்சம் யோசித்தாள்.
"ஓரளவு சரி" என்றாள்.

காசு பிரித்தபோது முப்பது ரூபா குறைந்தது.
அதற்கும் ஒரு சண்டை,
படத்தில் வந்ததைவிட நல்ல சண்டை.

ஒன்றரை மணிக்குப் போன் மினுங்கியது. லலந்த.
"நாலு வருசம் கழித்து வந்து கதவடியில் நிற்கிறாள்.
ஏன் வந்தாய் என்று அவன் கேட்கிறான்.
அவள் ஒரு சொல் சொன்னாள்.
கீழே எழுத்து வரவில்லை.
என்ன அது?"

அந்தக் காட்சியில் நான் விழித்திருந்தேன்.
சும்மா, என்றாள் அவள்.

மொழிபெயர்த்தவர் கைவிட்ட சொல்.
படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.
காரணமில்லாமல் என்று எழுதி அழித்தேன்.
எல்லாக் காரணத்தோடும் என்று எழுதி
அதையும் அழித்தேன்.
இதைத் தமிழன்தான் உணர முடியும் என்று
பெரிய மனுசத்தனமாய் ஒரு வரி தொடங்கி
பாதியில் வெட்கப்பட்டேன்.

பத்து வருசமாய் அவன் வாயில் கேட்கிற சொல்தானே.
தேத்தண்ணி குடிக்க ஏன் கூப்பிட்டாய் என்றால்
தோளைக் குலுக்கி அவன் சொல்வது.

"நிகங்" என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு வந்தது:
"அப்படியென்றால் நல்ல படம்."