மேரிபோர்ட்டுக்குப் போகும் முன்

நாளை காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.
துணைத் தலைமையாசிரியர் பதவி.
விண்ணப்பம் இன்னும் போடவில்லை.
சும்மா ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமா
என்றுதான் போனில் கேட்டேன்.
சும்மா என்பதை இரண்டு முறை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது,
அலுவலகத்துப் பெண் சிரித்தாள்.

கேஸ் பில் வந்த உறையின் பின்பக்கம்
கேள்விகளை எழுதுகிறேன்.

உங்கள் பள்ளியின் தொலைநோக்கு என்ன?
எழுதிய கையோடு அடித்தேன்.
தொலைநோக்கு வாசல் சுவரிலேயே இருக்கும்,
நீல எழுத்தில், ஒரு கடற்காகத்தின் படத்தோடு.

முன்பிருந்தவர் ஏன் போனார்?
இதை இப்படியே கேட்க முடியாது.
இந்தப் பதவி எப்படிக் காலியானது?
இன்னும் கூர் இருக்கிறது.
இந்தப் பொறுப்பு இதுவரை எப்படி வளர்ந்து வந்திருக்கிறது?
தேய்த்துத் தேய்த்துக் கூழாங்கல்லாக்கிவிட்டேன்,
அவர் எதை வேண்டுமானாலும் சொல்லித் தப்பிக்கலாம்.
முதலில் எழுதியதையே திரும்ப எழுதி
பக்கத்தில் சின்னதாக:
முகத்தைப் பார்.

மதியம் ஆசிரியர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?
இதைக் கேட்கத் தேவையில்லை.
பன்னிரண்டே காலுக்கு வாகன நிறுத்தத்தில்
எத்தனை காரின் கண்ணாடியில்
உள்ளிருந்து மூச்சு படிந்திருக்கிறது என்று
எண்ணினால் போதும்.

கிரெய்க் தட்டுகளைத் துடைத்தபடியே
தலைமையாசிரியராகிறான்.
ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
"கேளுங்கள், மிஸஸ் ரிட்சன்."
பட்ஜெட்டில் துண்டு எவ்வளவு விழுகிறது என்கிறேன்.
"ஒழுகுகிறது. ஆனால் மிதக்கிறது."
துறைமுக வேலைக்காரன், அவனுக்கு எல்லாமே படகு.
வாரத்தில் எத்தனை பாடம் நான் நடத்தவேண்டியிருக்கும்?
"எத்தனை வேண்டும்?"

விளையாட்டாகத்தான் சொன்னான்.
நான் பேனாவை மூடிவிட்டேன்.
செவ்வாய்க்கிழமை காலைகளில் பின்னம் நடத்துகிறேன்.
நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்றுதானே பெரிது,
எட்டுதானே பெரியது என்று
வருடத்துக்கு ஒருவராவது சண்டைக்கு வருவார்கள்.
பதினேழு வருடமாக அந்தச் சண்டைக்காகவே
செவ்வாய்களில் சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.
அதை எந்தக் கேள்வியாக மாற்றுவது?
உறையில் இடமும் இல்லை.

மறுநாள் என்னைச் சுற்றிக் காட்டியது இரண்டு பிள்ளைகள்.
ஜென்சனுக்குப் பத்து வயது, டை கோணலாக இருந்தது.
போப்பியின் கையில் ஓர் அட்டை,
என்னென்ன சொல்லவேண்டும் என்று எழுதித் தந்திருந்தார்கள்.
இது நூலகம், எங்களிடம் மூவாயிரம் புத்தகங்கள் உள்ளன.
இது அமைதி அறை.
அவளும் என்னைப் போலத்தான்,
அடிக்கடி அட்டையைப் பார்த்துக்கொண்டாள்.
ஒரு தாழ்வாரத்தின் முனையில் பூட்டிய கதவு.
அட்டையில் அது இல்லை போலும், வேகமாக நடந்தாள்.
"அங்கே போகக்கூடாது," என்றான் ஜென்சன்,
"உள்ளே மழை பெய்யும்."
அவள் அவன் விலாவில் இடித்தாள்.

மிஸ்டர் ஃபியரன் தேநீர் தந்தார்,
பிஸ்கட் தீர்ந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.
முன்பிருந்தவர் ஏன் போனார் என்று கேட்டேன்,
அப்படியே, கூரோடு.
"களைத்துப்போனார்," என்றார்.
முகத்தைப் பார்த்தேன்.
அவரும்தான்.
மற்ற பத்துக் கேள்விகளும் பைக்குள்ளேயே இருந்தன.

காரில் உட்கார்ந்த பிறகு உறையை எடுத்தேன்.
பில் இன்னும் உள்ளேயே இருந்தது, கட்டவில்லை,
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
விண்ணப்பத்துக்கும் வெள்ளிதான், மதியத்துக்குள்.
கண்ணாடியில் என் மூச்சு படிந்துகொண்டிருந்தது.
பில்லை வெளியே எடுத்து,
அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்:

உள்ளே எத்தனை நாளாக மழை?